சிவப்புத் திரையின் வாசகம்

நிறுவனத்தின் விதி தெளிவாகவே இருந்தது: இது வெறும் சோதனைதான் என்று பயனரிடம் முன்னதாகச் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் நோட்டீஸ் எழுதியே ஓய்வுபெற்ற நான், சொன்னால் நடிப்பார்கள் என்று அதை விட்டுவிட்டேன்.

கைபேசியைப் பாதுகாக்கும் செயலி ஒன்றுக்கு எச்சரிக்கை வாசகங்களைத் திருத்தி எழுதும் வேலை எனக்கு. சின்ன காஞ்சிபுரத்தில் தறி நெய்யும் செல்வியின் வீட்டுக்குப் போய், அவர் கைபேசியில் செயலியை ஏற்றி, எச்சரிக்கையை வரவழைத்தேன். திரை சிவந்தது. தறியை நிறுத்திவிட்டு அவர் படித்தார்: "உங்கள் கைபேசியை ஒருவர் கண்காணிக்கிறார். ஆபத்தில்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்."

அவர் முகம் வெளுத்தது.

"பயப்படாதீங்கம்மா, ஆபத்து ஒண்ணுமில்ல" என்றேன்.

என்னையே பார்த்தார். சட்டென்று வெளியே போய்க் கதவைத் தாழிட்டார். "எல்லாரும் வாங்கபா, போன் திருடன் உள்ள உக்காந்துக்கினு இருக்கான்."

தெருவே கூடியது. "இழுத்தாந்து கட்டுபா" என்றது ஒரு குரல். தறிக்குப் பின்னால் ஒடுங்கினேன். யாரிடம் கேட்டுத் தெளியலாம் என்று எச்சரிக்கையில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நான் எழுதவில்லை.

நிறுவனத்தின் அடையாள அட்டை என்னைக் காப்பாற்றியது. செல்வியின் பயம்தான் போகவில்லை. "ஆபத்து இல்லன்னு கம்பெனி எழுத்துல குடுக்கட்டும் சார். அதுவரைக்கும் போனைத் தொடமாட்டேன்" என்றார். தாமல் கிராமத்தில் நிறைமாதமாக இருந்த அவர் மகள் அழைப்பது அந்தக் கைபேசியில்தான்.

அன்றே நிறுவனத்துக்கு எழுதினேன். மூன்று நினைவூட்டல்களும் அனுப்பினேன். பதில் வந்தது, செல்விக்குப் பேரன் பிறந்த பதினோராம் நாள்.