‘சுவாமிக்கு’ என்று எழுதிய கசெற்

பூநகரிக்குத் தெற்கே ஒரு கரையோரக் குடியிருப்பில் கிறகோரிக்கு இரண்டு உத்தியோகங்கள். ஒன்று, ஓலைக் கோயிலின் உபதேசியார். பங்குக் குருவான சுவாமி வராத நாட்களில் சனத்தைக் கூட்டி வைத்துச் செபம் சொல்வது. மற்றது, ரேடியோ திருத்துவது. இரண்டில் எதில் அவருக்குப் பக்தி கூட என்று கேட்டால் அவருடைய மனைவிகூடக் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வாள்.

அது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, யுத்த காலம். வன்னிக்குள் பற்றரி வரத் தடை. மின்சாரம் என்றால் என்னவென்று சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனால் கிறகோரி வீட்டில் ரேப் றெக்கோடர் பாடும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துவிடுவார். சுற்றுகிற கை சோர்ந்தால் பாட்டுக்காரி ஆம்பிளைக் குரலில் பாடுவாள். அதனாலென்ன, பாடுகிறாளே!

இந்த வித்தையைத்தான் அவர் கோயிலுக்கும் கொண்டுபோனார். சுவாமி மல்லாவியில் இருந்தார். இடம்பெயர்ந்த சனமெல்லாம் சேர்ந்து அவருடைய பங்கு கடல்போலப் பெருகிவிட்டது. மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடும் மோட்டார் சைக்கிளில் அவர் இந்தக் கரைக்கு வருவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஆகவே கிறகோரி, சுவாமி கிறிஸ்மஸுக்கு வந்து வைத்த நத்தார்ப் பூசையைக் கசெற்றில் பதிந்து வைத்துக்கொண்டு ஞாயிறுகளில் போட்டார். பெட்டி “ஆண்டவர் உங்களோடு இருப்பாராக” என்றது. சனமும் வஞ்சகமில்லாமல் “உம்மோடும் இருப்பாராக” என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னது.

சுவாமிக்கு இது அரைமனம். “உந்தப் பெட்டி என்ரை குரலைக் கொண்டுவரும், கிறகோரி. என்னைக் கொண்டுவராது. அதைப் பூசையெண்டு சொல்லாதையுங்கோ. செபமெண்டு சொல்லுங்கோ” என்று ஒரு கட்டுப்பாட்டோடு விட்டுக்கொடுத்தார். கிறகோரி தலையாட்டினார். மெசினைப் பற்றி யார் குறைவாகச் சொன்னாலும் அவர் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்.

அந்தத் தவக்காலத்தில்தான் எமிலியாக்கா வந்தா. அறுபது வயது விதவை, நெஞ்சில் இழுப்பு, பக்கத்து வளவுக்கு நடப்பதே பெரும்பாடு. பாஸ்குத் திருநாளுக்கு முன் சுவாமியிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும், இந்த முறை இழுப்பு தன்னைக் கொண்டுபோய்விடும் போலிருக்கிறது, சுவாமி எப்போது வருவாரென்றும் தெரியவில்லை என்று சொல்லி, கடைசியில் கேட்டா: “உபதேசியார், நான் சொல்லுறதை உந்தப் பெட்டியிலை பிடிச்சுச் சுவாமிக்கு அனுப்பேலாதோ?”

ஏலாது என்று சொல்லியிருக்க வேண்டும். உபதேசியாருக்கு அது தெரியும். ஆனால் ரேடியோக்காரர் முந்திக்கொண்டார். பாதி இரக்கம், பாதி பெருமை. ஒரு வெறுங் கசெற்றைப் போட்டு, சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் ஒன்றாக அமர்த்தச் சொல்லிக் கொடுத்து, அவவைக் குடிலுக்குள் தனியே இருத்தினார். தான் வெளியே காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் பெடல் சுற்றினார். எமிலியாக்கா கண் சிவந்து வெளியே வந்தா. கிறகோரி கசெற்றைத் தாளில் சுற்றி, ‘சுவாமிக்கு’ என்று எழுதினார்.

வெள்ளிக்கிழமை கணபதி வந்தான். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பம். சைக்கிளில் கருவாடு கட்டி மல்லாவிக்குக் கொண்டுபோய் விற்பவன். அவன் போகும் வழியில், ஒன்பது கட்டை, அதாவது ஒன்பது மைல் தள்ளி, இன்னொரு குடியிருப்பு. அங்கேயும் ஒரு ஓலைக் கோயில், ஒரு ரேப் றெக்கோடர். அங்கத்தைய மூப்பர் இந்த ஞாயிறுக்குப் பூசைக் கசெற்றை இரவல் கேட்டிருந்தார். ஆகவே கிறகோரி இரண்டையும் கணபதியிடமே கொடுத்து, ஒன்று கோயிலுக்கு, ஒன்று சுவாமிக்கு, எல்லாம் மேலே எழுதியிருக்கிறது என்று அவசரமாகச் சொல்லி அனுப்பினார். பூசைக் கசெற்றின் கூட்டில் சுவாமியின் குரல் என்பதற்காக ‘சுவாமி’ என்று எப்போதோ எழுதி வைத்திருந்தது அவருக்கு ஞாபகமே வரவில்லை.

ஞாயிறு விடிய கணபதி திரும்பி வந்து, எல்லாம் சரியாகக் கொடுத்தாயிற்று என்றான். கிறகோரி ஒரு பேச்சுக்குத்தான் எதை யாரிடம் கொடுத்தாய் என்று கேட்டார்.

“சாமின்னு எழுதினதை மல்லாவியில சாமிகிட்டயே குடுத்துட்டேன்ங்கய்யா. சாமிக்குன்னு எழுதினது கோயிலுக்குத்தானே? அதைக் கோயில்ல குடுத்தேன்.”

கணபதியின் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. பேர் மட்டும் எழுதியது அந்த ஆளுக்கு உரியது; மற்றப்படி அவனுக்குச் சாமி என்றால் கோயிலுக்குள் இருப்பவர். சாமிக்கு என்று எழுதினால் தேங்காயோ பழமோ கசெற்றோ, கோயிலில்தானே கொடுக்க வேண்டும்? கிறகோரி நேரத்தைப் பார்த்தார். எமிலியாக்காவின் பாவசங்கீர்த்தனம் இன்னும் ஒன்றரை மணித்தியாலத்தில், எட்டு மணிக்கு, ஒரு ஊருக்கு முன்னால் பாடப் போகிறது. அந்த ஊரின் முன்வரிசையில் எமிலியாக்காவின் கூடப்பிறந்த தங்கச்சி பத்மாசனி இருப்பா. அக்காவும் தங்கச்சியும் முகம் பார்த்துக் கதைத்துப் பதினாறு வருடம்.

சைக்கிள் தலைகீழாக நின்றது. அதை நிமிர்த்தி, வயரை அறுத்தெறிந்து, ஏறி மிதித்தார். முதல் கட்டையிலேயே சங்கிலி கழன்றது. மாட்டினார். மூன்றாம் கட்டையில் மணல். இறங்கி உருட்டினார். உருட்டிக்கொண்டே தன்னைத் திட்டினார், தன் மெசின்களைத் திட்டினார். சுவாமியின் காதில் விழுந்தது சுவாமியோடு மண்ணுக்குள் போகும், கழுத்தில் கத்தி வைத்தாலும் வெளியே வராது. அதற்காகத்தானே மனுசர் அவருக்கு முன்னால் முழங்காலில் நிற்கிறார்கள். இந்தப் பெட்டி யார் அமர்த்தினாலும் சொல்லும். அண்ணனுக்கும் சொல்லும், அயலுக்கும் சொல்லும், ஆமிக்காரனுக்கும் சொல்லும். வெட்கமும் இல்லை, இரக்கமும் இல்லை. காது மட்டும் உள்ள ஒன்றுக்கு முன்னால் ஒரு மனுசியைக் கொண்டுபோய் இருத்திவிட்டேனே என்று அவருக்கு அழுகை வந்தது. அம்பத்திரண்டு வயசு ஆம்பிளை, வாய்விட்டு அழுதுகொண்டேதான் மீதி ஆறு கட்டையும் மிதித்தார்.

போய்ச் சேர நேரம் எட்டேகால் தாண்டிவிட்டது. கோயிலுக்குள் ஒரு சத்தமும் இல்லை. முடிந்தது, எல்லாம் கேட்டுவிட்டு விறைத்துப்போய் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

ஊர் முழுவதும் முழங்காலில் நின்றது. பக்கத்தில் ஒரு பெடியன் சைக்கிள் பெடலைச் சுற்ற, பீடத்துக்கு முன்னால் ரேப் றெக்கோடர் ‘ஸ்ஸ்’ என்று இரைந்துகொண்டிருந்தது. பேச்சு இல்லை. எங்கோ ஒரு காகம் கரைந்தது, அதுவும் கசெற்றுக்குள். பிறகு யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம். கிறகோரி பாய்ந்து போய்ப் பெட்டியை நிறுத்தினார்.

மூப்பர் கண்ணைத் திறந்தார். கன்னமெல்லாம் ஈரம்.

“ஏன் உபதேசியார் நிப்பாட்டினீங்கள்? சுவாமி மௌன செபத்திலையெல்லோ நிக்கிறார்.”

எவ்வளவு நேரமாக என்று கிறகோரி கேட்டார். போட்டதிலிருந்து இப்படித்தானாம். முதலில் பெட்டி பழுதென்றுதான் நினைத்தார்களாம். பிறகு சுவாமி அழுகிற சத்தம் கேட்டதாம். தங்களுக்காகத்தான் அழுகிறார் என்று விளங்கியதும் ஒவ்வொருவராக முழங்காலில் நின்றுவிட்டார்களாம். ஊரைவிட்டு இடம்பெயர்ந்த நாள் தொடக்கம் ஒருநாளும் இப்படி ஆறுதலாக இருந்து அழக் கிடைக்கவில்லை என்றார் மூப்பர். முன்வரிசையில் பத்மாசனி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தா.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. கிறகோரி கசெற்றை மடிக்குள் செருகிக்கொண்டு, அவரும் முழங்காலில் நின்றார்.

மத்தியானம் எமிலியாக்காவின் படலையைத் திறந்தபோது திரும்பவும் பயம் பிடித்தது. மறைக்கவில்லை. நடந்த முழுவதையும் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, கசெற்றை அவவின் கையிலேயே வைத்தார். ஏன் அதில் குரல் விழவில்லை என்பதுதான் தனக்கு விளங்கவில்லை, மெசின் பழுதோ தெரியாது என்றார்.

எமிலியாக்கா கசெற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

“மெசின் பழுதில்லை. நான்தான் கதைக்கேல்லை” என்றா பிறகு. “நீங்கள் சொன்ன பொத்தானை அமத்தினனான். அது சுத்துது, நான் பாக்கிறன். அது என்னைப் பாக்குதில்லை. எப்பிடி அதுக்குச் சொல்லுறது? கொஞ்சம் அழுதன். நீங்கள் வெளியிலை வேர்க்க விறுவிறுக்கச் சுத்திறியள் எண்டு பாவமாயிருந்தது. அதுதான் முடியுமட்டும் இருந்திட்டு வந்தனான்.”

சொல்லாத பாவத்துக்காகவா ஆறு கட்டை அழுதோம் என்று கிறகோரிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தார். எமிலியாக்காவும் சிரித்து, இழுப்பு வந்து, தண்ணீர் குடித்தா. குடித்துவிட்டுக் கேட்டா:

“தங்கச்சியும் முழங்காலிலை நிண்டவளோ?”

“ஓமக்கா. முன்னுக்கு. நல்லா அழுதவ.”

வியாழக்கிழமை சுவாமி வந்தார். தன் பூசையைத் தனக்கே அனுப்பி வைத்த உபதேசியாரைப் பார்க்க வேண்டுமென்றே புறப்பட்டாராம். பிரசங்கம் இவ்வளவு நீளமென்று ஏன் ஒருத்தரும் இதுவரை சொல்லவில்லை என்று கேட்டார். பிறகு பூவரசின் கீழே கதிரை போட்டு இருந்தார். எமிலியாக்கா முழங்காலில் நிற்க முடியாமல் பக்கத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்து, கதைத்தா, நிறுத்தினா, திரும்பக் கதைத்தா. சுவாமி அவவின் முகத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கிறகோரி எட்டத்தில் நின்றார்.

எழும்பி வந்த எமிலியாக்காவுக்கு இழுப்பு இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தா. நேரே கிறகோரியிடம் வந்து, சைக்கிள் கரியரில் ஒரு சாக்கை மடித்துக் கட்டச் சொன்னா. எங்கே போக என்று அவர் கேட்டார்.

“தங்கச்சியிட்டை. இனிப் பெட்டியும் வேண்டாம், கணபதியும் வேண்டாம். நானே போய்ச் சொல்லுறன்.”