தலையாட்டாத முகமூடி

“லார்வே வேண்டுமா?” என்று மாடிப்படியில் வைத்து மொனிக்கா கேட்டபோது, எங்கள் வீட்டில் நுளம்பே இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் படித்த லார்வா தண்ணீரில் நெளியும் நுளம்புக் குடம்பிதானே! இந்தச் சுவிஸ் பாசல் நகரத்து ஜெர்மனில் அது முகமூடி என்பது, மேல்வீட்டுக்காரி சிரித்து முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. குளிர்காலம் முடிகிற நேரத்தில் இங்கே ‘ஃபாஸ்நாக்ட்’ என்றொரு திருவிழா. காகிதக் கூழில் செய்த நீள்மூக்கு முகங்களை மாட்டிக்கொண்டு ஊரே மேளமும் குழலுமாக வீதிக்கு இறங்கிவிடும். முகத்தை மூடினால்தான் அந்தக் காலத்து வேலைக்காரன் முதலாளியை வாய்நிறைய நக்கலடிக்கலாம், அப்படி வந்த பழக்கமாம். ஒரே சட்டம், உள்ளே யார் என்று காட்டக்கூடாது. “நீயும் வா. உன்னை ஒருவருக்கும் தெரியாது. எவ்வளவு சுகம்!” என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று படியிறங்கினேன்.

கொழும்பிலும் முகமூடிகள் இருந்தன. கொள்ளுப்பிட்டிக் கடைகளில் கண் பிதுங்கிய மரப் பேய்முகங்கள் கெட்டதை விரட்டத் தொங்கும். கொட்டாஞ்சேனையில் கிறிஸ்மஸுக்கு நத்தார் தாத்தா ரோசாக் கன்னத்துப் பிளாஸ்டிக் முகத்துடன் லொறியில் ஆடிக்கொண்டு வருவார். யுத்த காலத்தில் ஒரு நத்தாருக்கு அந்தத் தாத்தா என் கணவர். கூட வேலை செய்தவர் கேட்டாரென்று, நெற்றித் திருநீறு அழியாமல் முகமூடியைப் போட்டுக்கொண்டு போனவர்! மறுநாள் காலை எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் சுற்றிவளைப்பு. ஆமிக்காரன் இவருடைய பையைக் கொட்ட, தாடியோடு அந்த முகம் விழுந்தது.

“மே மொகத?” இது என்ன என்று கேட்டான்.

இவருக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் பறந்துவிட்டது. தன் நெஞ்சைத் தொட்டு, “நத்தல் சீயா” என்றார், நத்தார் தாத்தா தானாம்.

ஆமிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போட்டு ஆடச் சொன்னார்கள், ஆடினார். பயத்தோடு பயமாக நாங்களும் சிரித்தோம். பிறகு அப்படியே ஜீப்படிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சாக்கால் தலையை மூடிய ஒருவன், கண்ணுக்கு இரண்டு ஓட்டை. தலையாட்டி என்போம். அவன் மேலும் கீழும் தலையாட்டினால், முன்னால் நிற்பவர் வீடு திரும்பமாட்டார். இரண்டு முகமூடிகளும் எதிரெதிரே நின்றன. கழற்றச் சொன்னது இவரை மட்டும்தான். சாக்குத் தலை கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு அது இல்லையென்று ஆடியது.

“அவன்ர கண் சிரிச்சமாதிரி இருந்தது” என்று இவர் இன்றைக்கும் சொல்வார். இதையெல்லாம் மொனிக்காவுக்கு எந்த ஜெர்மனில் சொல்வது? இவரிடமே யோசனை கேட்டேன்.

“போய் ஆடுமன். இந்தக் குடும்பத்தில நான் ஒருக்கா ஆடினது காணும், இனி உம்மட முறை.”

போனேன். சும்மா சொல்லக்கூடாது, சுகமாகத்தான் இருந்தது. நீள்மூக்குக் கிழவியாக நடந்து, பாதையோரம் நின்றவர்களுக்கு இனிப்புக் கொடுத்தேன். கூட்டத்தில் கம்பளித் தொப்பிக்குக் கீழே திருநீற்றுக் குறியோடு ஒரு பெரியவர். எங்கட ஆள்! சந்தோசத்தில் அவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டேன். அவர் முகம் வெளிறியது. கை அடையாள அட்டையைத் தேடிக் கோட்டின் உட்பைக்குள் போனது.

சட்டமாவது மண்ணாவது. முகமூடியை மூக்குவரை தூக்கினேன். “ஐயா, பயப்பிடாதேங்கோ. நான் வெள்ளவத்தையில இருந்தனான்.”

மேலே சுவிஸ் கிழவி, கீழே தமிழ் வாய். அவர் மாறி மாறிப் பார்த்தார். மூச்சு வந்தபிறகு, “நல்லது பிள்ளை. தலையை மட்டும் ஆட்டாதையும்” என்றார்.

மறுபடி மூடிக்கொண்டு நடந்தேன். முன்னால் மொனிக்காவின் தலை மேளத்துக்கு ஆடியது, எல்லாத் தலைகளும் ஆடின. என் கால்களும் தாளத்தோடுதான் போயின. கழுத்தை மட்டும் நான் ஆடவிடவில்லை.