மலைப் படம் போட்ட டயரை நம்பி பதுளையிலிருந்து கொழும்புக்கு இரண்டு தடவை

மலைநாட்டிலிருந்து கொழும்புக்குப் போய்க் காருக்கு டயர் வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நானும் என் இளைய மகன் ஆரோக்கியமும் போனோம். ஒரு நாளில் முடிய வேண்டிய வேலை இரண்டு நாளானது. அதற்குக் காரணம் நான்தான். அதை மறைத்துவிட்டு எழுதினால் படிக்கிறவர்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

கார் ஆரோக்கியத்தினுடையது. இரண்டே பேர் உட்காரலாம், கூரையை மடித்துத் திறக்கலாம். பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். நாலு வருஷம் கத்தாரில் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவன், மோதி நசுங்கிக் கிடந்ததை வாங்கி, பசறை வீதியில் உள்ள தன் கராஜில் பதினொரு மாதம் வேலை செய்து ஓட வைத்தான். "இதில் தேங்காய் மூட்டை ஏற்ற முடியுமா" என்று கேட்டுச் சிரித்தவர்கள் எங்கள் தெருவில் மூன்று பேர். மூன்று பேரையும் எனக்கு நினைவிருக்கிறது.

நமுனுகுல பக்கத்தில் பழைய தேயிலைத் தோட்டத் துரை பங்களா ஒன்றை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். அங்கே வரும் வெள்ளைக்காரர்களை இந்தக் காரில் ஏற்றி எல்ல, தெமோதரை என்று ஊர் சுற்றிக் காட்ட ஒரு வருஷ வேலை பேசினார்கள். அங்கே வண்டிகளுக்குப் பொறுப்பு நிலந்த மாத்தயா என்ற சிங்கள ஐயா. அவர் வந்து கூரையைப் பார்க்கவில்லை, பெயின்டைப் பார்க்கவில்லை. நேராக டயர் பக்கத்தில் குந்தினார். முன்னால் இரண்டு ஒரு வகை, பின்னால் இரண்டு வேறு வகை, அதில் ஒன்று பதினொரு வருஷப் பழசு. நாலும் ஒரே மாதிரி நல்ல டயர் போட்டுக்கொண்டு சனிக்கிழமை வா, பங்களாவிலிருந்து கீழே மெயின் ரோட்டுக்கு ஆறு கிலோமீட்டர், பதினாலு வளைவு, நானே உட்கார்ந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வேலை கிடைக்காவிட்டால் ஆரோக்கியம் திரும்பவும் கத்தார் போவான். ஏஜென்சியில் கடிதம் தயாராக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் போகிறேன் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும். போன தடவை அவன் போனபோது அவன் மகளுக்கு எட்டு மாதம். திரும்பி வந்தபோது அந்தப் பிள்ளை அவனைப் பார்த்து என் சேலைக்குப் பின்னால் ஒளிந்தது. மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் லீவு இல்லை. கடைக்காரர்கள் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிறவன் என் மகன். அதனால் பக்கத்து சீட்டில் நான் ஏறினேன்.

காலை ஐந்து பத்துக்குப் பதுளையை விட்டோம். பண்டாரவளை, அப்புத்தளை, பெரகலை, பலாங்கொடை, இரத்தினபுரி, அவிசாவளை, கொழும்பு. மொத்தம் 230 கிலோமீட்டர். அப்புத்தளையில் குளிர்க்காற்று, கூரையைத் திறக்க வேண்டாம். அல்தும்முல்லையில் இடப்பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடை உண்டு. பத்தொன்பது வருஷத்துக்கு முன் என் பிள்ளைக்குப் பூஞ்சணம் பிடித்த பணிஸ் ரொட்டி கொடுத்தார்கள். இப்போது கைமாறிவிட்டது என்கிறார்கள். நான் இன்னும் இறங்குவதில்லை. பெலிகுல்லோயாவில் ஏழரைக்கு ரொட்டியும் காரமான கட்டசம்பலும் பிளேன்டீயும், இரண்டு பேருக்கும் 720 ரூபாய். ரொட்டி சூடாக இருந்தது. அவிசாவளையில் என் நாத்தனார் வீடு ரோட்டோரத்தில்தான் இருக்கிறது. நிறுத்தவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும்.

கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு வந்து சேரும்போது பதினொன்று ஐம்பது. அங்கே டயர்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நாங்கள் நுழைந்தது மாடி வைத்த ஒரு கடை. கடைக்காரர் ஒரு முஸ்லிம் நானா, நாற்பது வயதிருக்கும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். ஆரோக்கியம் அளவைச் சொன்னான்: 195, 50, பதினைந்து.

"எந்த ஊரு தம்பி?"

"பதுளை நானா."

"மலைப்பக்கமா. அப்ப ரெண்டு வகையும் காட்டுறன், பாருங்க."

ஒன்று புது டயர். ஒரு டயர் 42,000 ரூபாய். மேலே பெரிய பெரிய கட்டைகள், நடுவில் அகலமான நாலு வாய்க்கால். ஆரோக்கியம் அதைத் தடவிக்கொண்டே நின்றான். இன்னொன்று ஜப்பானில் ஓடிய காரிலிருந்து கழற்றி வந்தது, ஒரு டயர் 19,000. பள்ளம் ஆழமாக இருந்தது. கட்டைகள் மேல் பொடிப்பொடியாகக் கீறல்கள். விரலால் அமுக்கினால் ரப்பர் மெத்தென்று அமுங்கியது. அதன் பக்கவாட்டில் ஒரு மலை பதித்திருந்தது. மூன்று உச்சி உள்ள மலை, நடுவில் பூ மாதிரி ஒன்று. நான் நாலாம் வகுப்போடு தோட்டப் பள்ளிக்கூடத்தை விட்டவள். இங்கிலீஷ் எழுத்து தெரியாது. படம் தெரியும், எண் தெரியும்.

"டேய், இதப் பாரு. மலை போட்டிருக்கான். நம்ம பக்கத்துக்குன்னே செஞ்சது."

"அது வேற என்னமோம்மா. இந்தப் புதுசுதான் சம்மர் டயர். ஸ்போர்ட்ஸ் காருக்கு இதத்தான் போடுவாங்க."

"சம்மருன்னா வெயில் காலந்தானே? நமக்கு வெயில் எத்தன நாளு? மார்கழியில கம்பளியச் சுத்திக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனியே, மறந்துபோச்சா?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "அம்மா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு" என்றார்.

ஆரோக்கியம் மலைப் படம் போட்டதையே பூட்டச் சொன்னான். நாலு பேர் முன்னால் என்னை மறுத்துப் பேச மாட்டான். இரண்டு பதினைந்துக்கு நாலையும் பூட்டி முடித்தார்கள். அம்பது ரூபாய் மிச்சம் பிடித்தாலே பெருமைப்படுகிற நான், தொண்ணூற்றிரண்டாயிரம் மிச்சம் பிடித்த பெருமையில் ஏறினேன்.

ஹன்வெல்ல தாண்டும் வரை ஒன்றும் தெரியவில்லை. வெயில் தார் ரோட்டைக் கொதிக்க வைத்திருந்தது. அதன்பின் ஆரோக்கியம் ஸ்டியரிங்கை அடிக்கடி லேசாகத் திருத்துவதைப் பார்த்தேன். என்னடா என்றேன். "சேத்துல நடக்கிற மாதிரி இருக்கும்மா. திருப்பினா கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் திரும்புது" என்றான். எஹெலியகொட தாண்டியதும் மழை. முன்னால் போன பஸ் ஆள் ஏற்றத் திடீரென்று ஹோல்ட்டில் நின்றது. ஆரோக்கியம் ஐம்பதுக்கு மேல் போகவில்லை, பிரேக்கும் நேரத்துக்குத்தான் பிடித்தான். கார் நிற்கவில்லை. சத்தமில்லாமல் சறுக்கிக்கொண்டே போய், பஸ்ஸின் பின்பக்கத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. பஸ்ஸின் பின்சீட்டிலிருந்த பெண் ஒருத்தி எங்களைக் குனிந்து பார்த்தாள்.

"அம்மா, சனிக்கிழமை இதுல நான் மாத்தயாவ ஏத்த மாட்டேன்."

"ஏன்டா?"

"பதினாலு வளைவு. மழை பெஞ்சா நான் ஏத்த மாட்டேன். கத்தாருக்கே போயிடுறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னான்.

இரத்தினபுரி டவுனுக்குள் நுழையும் முன் ஒரு சின்ன டயர் கடையில் வெளிச்சம் இருந்தது. நேரம் ஐந்து. பஞ்சர் ஒட்டுகிற முருகையா என்பவர் எங்கள் பேச்சைக் கேட்டதும், "எந்தத் தோட்டங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான். டார்ச் அடித்து மலைப் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"யாருங்க இத எடுத்துக் குடுத்தது?"

"நான்தான்."

"ஐஸ் கொட்டுற நாட்டுல ஓட்டுற டயருங்கம்மா இது. இந்தப் பூ மாதிரி இருக்கே, அது ஐஸ். ரப்பர் மெத்துன்னு இருக்கும். ஏழு பாகைக்குக் கீழ குளிர் போனாத்தான் இது பிடிக்கும். நம்ம ரோட்டுச் சூட்டுக்கு இது வெல்லம் மாதிரி இளகிடும்."

"பதுளையும் குளிருதானே?"

"நுவரெலியாவுலயே தை மாசம் விடியக்காலம் ஒண்ணு ரெண்டு நாளுதாங்க அந்தளவுக்குப் போகும். பதுளையில நீங்க கம்பளி போத்துற குளிரே டயருக்கு வெயிலுதாங்க."

ஆரோக்கியம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். தெரிந்தும் எனக்காக விட்டுக்கொடுத்திருக்கிறான் என்று அப்போதுதான் உறைத்தது. அந்த அளவு டயர் முருகையாவிடம் இல்லை. ஆனால் காற்றுக் கருவியை வைத்துப் பார்த்து, கொழும்புக் கடையில் 35 அடித்திருப்பதைக் கண்டுபிடித்தார். இந்த லேசான காருக்கு 26 போதும், கதவைத் திறந்தால் உள்பக்கம் அந்த எண் ஒட்டியிருக்கும் என்று காட்டினார். காசு வாங்கவில்லை. அன்றைக்கு அங்கேயே அறை எடுத்துத் தங்கினோம், 3,500 ரூபாய். தலையணை ஈர வாடை.

புதன்கிழமை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி, மெதுவாக ஓட்டி, எட்டு நாற்பதுக்குத் திரும்பவும் பஞ்சிகாவத்தை. நாத்தனார் வீட்டை மூன்றாவது தடவையாகத் தாண்டினோம். வாசலில் அவளே நின்றாள். கையைத் தூக்கினாளா, கண்ணுக்கு வெயில் மறைத்தாளா தெரியவில்லை.

கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் நான் சண்டைக்குத் தயாராகி வந்திருந்தேன்.

"ஐஸ் நாட்டு டயர மலைக்காரங்க தலையில கட்டிட்டீங்களே, இது நியாயமா?"

அவர் கோபப்படவில்லை. "அம்மா, மலைக்கு இது சரின்னு நான் சொன்னனா? நீங்களே சொல்லுங்க."

யார் சொன்ன வார்த்தையும் எனக்கு மறக்காது. அதனால் எவ்வளவோ பேரை வாயடைக்க வைத்திருக்கிறேன். முந்தின நாள் அவர் சொன்னதும் அப்படியே நினைவிருந்தது. ஒரு நியாயம் இருக்கு என்றார். சரி என்று சொல்லவில்லை. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றார், அதற்கு அவர் மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது, அது போகாது. ஆனால் அவர் சொல்லாததைச் சொன்னார் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"சொல்லல்ல" என்றேன்.

ஆரோக்கியம் என்னைத் திரும்பிப் பார்த்தான். கடைக்காரரும் கொஞ்சம் இறங்கி வந்தார். ஒரு நாள் ஓடிய டயர்களை எடுத்துக்கொண்டு, நாங்கள் கொடுத்திருந்த 76,000-இல் 12,000 மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைப் புது டயர் விலையில் கழித்தார்.

இந்தத் தடவை நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். மகன்தான் தேர்ந்தெடுத்தான். சம்மர் டயரிலும் இரண்டு வகை காட்டினார்கள். பக்கவாட்டில் தேய்மான எண் என்று ஒன்று உண்டு. ஒன்றில் 200. ரோட்டை நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும், வாய்க்கால்கள் மெல்லியவை. ரேஸ் ஓடுகிறவர்களுக்கு நல்லது, தேங்கிய தண்ணீரில் மிதக்கும். இன்னொன்றில் 320, அகலமான வாய்க்கால். எங்கள் பக்கம் மத்தியானமானால் மழை. ஆரோக்கியம் 320-ஐ எடுத்தான். அவன் முதல்நாள் தடவிக்கொண்டு நின்ற அதே டயர்.

எழும்பிப் போய் ஒரே ஒரு வேலை செய்தேன். டயரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் எத்தனையாவது வாரம், பின் இரண்டும் எந்த வருஷம் என்று முருகையா சொல்லியிருந்தார். மூன்றில் 2325. நாலாவதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். திருப்பச் சொன்னேன். 2321.

"இது நாலு வருஷம் மூத்ததாச்சே."

"ஸ்டோருல சும்மா இருந்தது அம்மா, ஓடல்ல."

"நானும் ரெண்டு நாளா சும்மாதான் உக்காந்து வாறேன். இடுப்பு வலிக்குது. வேற கொண்டாங்க."

பூட்டுகிற பையன்கள் சிரித்தார்கள், கடைக்காரரும் சிரித்துவிட்டார். மாடியிலிருந்து 2325 வந்தது. பதினொன்று இருபதுக்கு முடிந்தது. காற்றை 26-இல் நிறுத்தச் சொன்னோம். பதுளைக்கு வந்து சேர மாலை ஆறு ஐம்பது. புது டயரின் மேல் வழுக்கும் மெழுகு மாதிரி ஒன்று இருக்கும், முதல் இருநூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்ட வேண்டும். கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு அது வழியிலேயே முடிந்துவிடும்.

வாங்கப் போகிறவர்களுக்கு: நம் ஊர்க் குளிரை நினைத்து மலைப் படம் போட்ட டயர் எடுக்காதீர்கள், அது எவ்வளவு மலிவாக இருந்தாலும். நாலு டயரின் இலக்கத்தையும் பூட்டுவதற்கு முன் குனிந்து பாருங்கள். காற்று காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். தங்குவதானால் இரத்தினபுரியில் அறையைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். கூட வருகிறவர் பெற்ற தாயாக இருந்தாலும், வண்டி ஓட்டுகிறவர் சொல்வதைக் கேளுங்கள்.

சனிக்கிழமை காலை பங்களாவில் மழை. இரண்டே சீட் என்பதால் நான் வாசலில் நின்றேன். அங்கிருந்து மேல் மூன்று வளைவுகள்தான் தெரியும். மூன்றிலும் கார் ரோட்டுக் கோட்டைத் தாண்டாமல் இறங்கியது. பிறகு தேயிலைக்குள் மறைந்துவிட்டது. ஆறு கிலோமீட்டர் போய் வர அரை மணி நேரம் போதும். முக்கால் மணியாகியும் காணோம். ஹோட்டல் பிள்ளை ஒருத்தி கொடுத்த தேத்தண்ணி என் கையிலேயே ஆறிப்போனது.

கார் திரும்பி வந்தபோது மழை விட்டிருந்தது, கூரை திறந்திருந்தது. ஓட்டிக்கொண்டு வந்தது நிலந்த மாத்தயா. ஆரோக்கியம் பக்கத்து சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாத்தயா இறங்கி, வந்த வழியைத் திரும்பிப் பார்த்து, இன்னொரு தடவை போய் வரலாமா என்று அவனிடம் சிங்களத்தில் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஏஜென்சிக்காரருக்கு ஆரோக்கியம் போன் பண்ணினான். "இல்லங்க, நான் வரல்ல" என்றான். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேட்டார்கள். "இங்கயே வேலை இருக்குங்க" என்றான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவன் மகள் காரில் ஏறி ஹார்னை அடித்துக்கொண்டிருந்ததால் அவன் சொன்னது அவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.