கவுண்டருக்கு அந்தப் பக்கம் என் அக்கா

இரண்டாயிரமாவது வருடம், இங்கே ஃபிஜியில் துப்பாக்கியோடு வந்தவர்கள் பார்லிமெண்டைப் பிடித்துக்கொண்டு இந்திய வம்சாவளிப் பிரதமரின் ஆட்சியைக் கவிழ்த்தார்களே, அதற்குச் சில மாதங்கள் கழித்து நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. நாந்தி விமான நிலையத்தில், பயணிகளின் பெட்டியை எடை போட்டு போர்டிங் பாஸ் கொடுக்கும் கவுண்டரில் வேலை.

நம் இந்திய ஜனங்கள் கூட்டம் கூட்டமாக நாட்டை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். ஒருத்தர் போக முப்பது பேர் வழியனுப்ப வருவார்கள். போகிறவர் கையில் ஆளுக்கொன்று திணிப்பார்கள். விபூதிப் பொட்டலமோ, மாங்காய் ஊறுகாயோ, ஏதாவது ஒன்று. வெறுங்கையோடு அனுப்பினால் அது அனுப்பினதாகவே சேர்த்தியில்லை. அப்புறம் ஒரே அழுகை. நான் மட்டும் சிரித்த முகமாக, "எடை அதிகமா இருக்கும்மா, ஏதாவது எடுத்துடுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். எத்தனை பேர் பெட்டியை அப்படிப் பிரிக்க வைத்திருக்கிறேன்! வீட்டில் எனக்குக் கல்நெஞ்சுக்காரி என்று பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் அக்காவும் குடும்பத்தோடு நியூசிலாந்துக்கு, ஆக்லாந்து போக முடிவு செய்தாள். அப்பா இல்லாத வீட்டில் எனக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள். நடபுவா பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் கணவர் வேலை பார்த்த கடையைத் தலைநகர் சுவாவில் நடந்த கலவரத்தில் சூறையாடிவிட்டார்கள். போவதுதான் சரி என்று எனக்கே தெரியும். அப்புறம் ஏன் அவள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது? மாதக்கணக்கில் விசா, டிக்கெட் என்று பேசினேனே தவிர, "நீ போனா நான் என்னக்கா பண்ணுவேன்" என்று கேட்க வாய் வரவில்லை. தினமும் நாளைக்குக் கேட்கலாம் என்று நினைப்பேன்.

அவள் கிளம்பும் நாளில் அம்மா என்னை லீவு போடச் சொன்னாள். நான் வேண்டுமென்றே டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டேன். கவுண்டருக்குப் பின்னால் இருந்தால் அழ வேண்டாம் பாருங்கள்!

அக்கா என் வரிசைக்கே வந்தாள். அவள் பெட்டி இரண்டு கிலோ அதிகம். கூட வேலை பார்த்தவள் "விட்டுடு" என்று ஜாடை காட்டினாள். எனக்கு என்ன பேய் பிடித்ததோ, "எடுக்கணும்" என்றேன். அக்கா முட்டி போட்டு, எல்லார் எதிரிலும் பெட்டியைத் திறந்து, அம்மா கொடுத்திருந்த இரும்புத் தவாவை எடுத்து அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு, ஒரு நாளைக்கு நூறு தடவை நான் பயணிகளிடம் கேட்கும் கேள்வியை நாக்கு தானாக இங்கிலீஷில் கேட்டது. "இந்தப் பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா? யாராவது ஏதாவது கொடுத்தார்களா?"

எங்கள் வீட்டில் இந்திதான் அதிகம் புழங்கும். கோபமும் அழுகையும் மட்டும் அம்மாவின் தமிழில் வரும். அக்கா என்னை நேராகப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "நான்தான் அடுக்கினேன். ஊரே குடுத்துச்சு. என் தங்கச்சிதான் ஒண்ணும் குடுக்கல."

போர்டிங் பாஸை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்து நின்றவர் இந்த மண்ணின் பூர்வகுடியான ஒரு ஃபிஜிக்கார அம்மாள். பெரிய உடம்பு, தோளில் சுருட்டிய பாய். கலவரத்துக்குப் பிறகு அந்த மாதங்களில் அவர்களில் யாரைப் பார்த்தாலும் ஒதுங்கிப் போகப் பழகியிருந்தேன், பொய் சொல்வானேன். அவருடைய பாஸ்போர்ட்டில் எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. அவர் அதை என் கையிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டு, "தீதி?" என்று இந்தியில் கேட்டார். அக்காவா என்று. தலையாட்டினேன். "ஜாவ், பேட்டி, ஜாவ்!" போ மகளே, போ என்று என்னை விரட்டிவிட்டு, இடுப்பில் கைவைத்து வரிசையைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

ஓடினேன். இமிகிரேஷன் கதவருகே அக்காவைப் பிடித்தேன். கொடுக்க என்னிடம் என்ன இருந்தது? "போகாதேக்கா" என்றேன். அவள் போகக்கூடாது என்று நான் நினைத்ததேயில்லை, ஆனால் வாயில் வந்தது அதுதான். யூனிஃபார்மோடு ஓவென்று அழுதேன். "அடிப் பாவி, இதைச் சொல்ல உனக்கு இவ்ளோ நாளாச்சா?" என்று அவளும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். போகத்தானே வேண்டும்!

அதற்குப் பிறகு யாரையும் பெட்டியைத் திறக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சில மாதங்களில் வேலையை விட்டேன். கொஞ்ச நாள் துணிக்கடை, கொஞ்ச நாள் டைப்பிங் என்று அலைந்தேன். பிள்ளைகள் வெளிநாடு போய்விட, தனியாக நின்றுபோன பெரியவர்களுக்கான ஒரு இல்லத்துக்கு ஒருநாள் உதவிக்குப் போனேன். அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். சம்பளம் பாதிதான். இதுதான் எனக்கான வேலையா, இல்லை அக்காவுக்குச் செய்யாததை யாருக்கோ செய்து ஆற்றிக்கொள்கிறேனா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அக்கா வருஷா வருஷம், "விசாவுக்குப் பேப்பர் போடறேன், இங்கே வந்துடுடி" என்கிறாள். நான் சிரித்து மழுப்புகிறேன்.

ஆனாலும் சாயங்காலம் இல்லத்திலிருந்து கிளம்பும்போது, ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று கையைப் பிடித்து "நாளைக்கு வரேன்" என்று சொல்லாமல் எனக்குப் படியிறங்க முடிவதில்லை. யாராவது ஏதாவது கொடுத்தார்களா என்ற அந்தக் கவுண்டர் கேள்வியை இவர்களிடம் யார் கேட்டாலும், கொடுக்காதவர்களில் ஒருத்தியாக நான் இன்னொரு முறை இருக்க மாட்டேன்.