அங்கியைத் தூக்கிச் செருகிய முத்துமீனா

திருவாதவூர் முத்துமீனா வயலின் இந்த வரப்பில் நின்று கூப்பிட்டால் கண்மாய்க் கரையில் போகிறவரும் திரும்பிப் பார்ப்பார். "பொம்பளைக்கு இம்புட்டுத் தொண்டை ஆகாதுத்தா" என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருப்பார். தையல் படிக்க நல்லூற்று மையத்துக்குப் போனவளைக் கலைக்குழுவில் சேர்த்துவிட்டது அந்தத் தொண்டைதான்.

நல்லூற்று, கத்தோலிக்கச் சாமியார்கள் நடத்தும் சமூகப்பணி மையம். ஐம்பது வருடத்துக்கு முன்பு, மழை பொய்த்த காலத்தில், ஃபாதர் ஞானப்பிரகாசம் அதைத் தொடங்கினார். சும்மா கொடுத்தால் வாங்குகிறவர்கள் கூசுவார்கள் என்று, ஊருக்குக் கிணறு வெட்டச் சொல்லிக் கூலியாகக் கோதுமை கொடுத்தார். எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று ஒருவரையும் கேட்டதில்லை. பிற்பாடு தையல் வகுப்பு, மகளிர் குழு, சிறுவயதுக் கல்யாணத்துக்கு எதிராகத் தெருநாடகம் என்று வேலைகள் பெருகின. நாடகத்தில் கொடுமைக்கார மாமியார் வேடம் எப்போதும் முத்துமீனாவுக்குத்தான். அவள் மாமியார் முன்வரிசையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிப்பார்.

பொன்விழா நாடகத்தை முதல் கிணறு வெட்டிய ஊரிலேயே போட்டார்கள். வாடிப்பட்டிப் பக்கம். ஃபாதர் ஞானப்பிரகாசமாக நடிக்க இருந்த அழகுபாண்டிக்கு அன்று தொண்டை கட்டிக்கொண்டது, காற்றுதான் வந்தது.

"எல்லார் வசனமும் ஒனக்குத்தான் மனப்பாடம். நீயே வேசம் கட்டு" என்று குழுவினர் முத்துமீனாவிடம் சாமியாரின் நீள அங்கியை நீட்டினார்கள்.

அவள் தயங்கி, ஷேர் ஆட்டோ ஓட்டும் தன் கணவன் பாண்டியராஜனைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே பஞ்சையும் பசையையும் எடுத்து வைத்திருந்தான். "தாடிய நான் ஒட்டுறேன். அசையாம நில்லு."

அங்கி ஆறடி ஆளுக்குத் தைத்தது. கிணறு வெட்டும் காட்சியில் மண்வெட்டியோடு எட்டு வைத்தவள் அதில் கால் தடுக்கிக் குப்புற விழப் பார்த்தாள். வசனம் மறந்துபோனது. சட்டென்று அங்கியைச் சுருட்டி, நாற்று நடப் போகிறவள் சேலையைச் செருகுவதுபோல இடுப்பில் செருகி, வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"இதக் கட்டிக்கிட்டுப் பூசை வைக்கலாம். கிணறு வெட்ட முடியுமாப்பா?"

கூட்டம் கைதட்டியது. வயதானவர்கள் மட்டும் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

நாடகம் முடிந்ததும் இருளாயி என்ற கிழவி மேடைக்கு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கிணற்றில் மண் சுமந்தவர்.

"சாமியாரும் இப்பிடித்தான் தூக்கிச் செருகிக்கிட்டு உள்ள எறங்குவாரு. ஒனக்கு யாருத்தா சொன்னது?"

"யாரும் சொல்லல ஆத்தா. காலு தடுக்குச்சு."

இருளாயி பொக்கைவாய் தெரியச் சிரித்தார். "அவரும் மொதல்ல தடுக்கித்தான் விழுந்தாரு. நாங்கதேன் தூக்குனோம்."

பிறகு அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், ஒரு வாளி தண்ணீர் இறைத்துக் கொடுத்தார். முத்துமீனா தாடியை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு குடித்தாள். நன்றாக இனித்தது.

அழகுபாண்டிக்குத் தொண்டை சரியாகிவிட்டது. ஆனாலும் சாமியார் வேடத்தை அவன் திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த நாடகம் கீழக்குயில்குடியில். பாண்டியராஜன் இப்போதே ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருக்கிறான்.