முகத்துவாரத்துப் பழைய புள்ளி

யோகன் அண்ணன் ஜிபிஎஸ் கருவியைத் தலைகீழாகப் பிடிக்கவில்லை. கருவிக்குள் இருந்ததே பழைய புள்ளி. அதை மாற்ற வேண்டியவன் நான், மாற்றவில்லை. மாற்றிவிட்டதாகப் பொய் சொன்னேன். பிறகு, ஒரு பெண் வைத்தியசாலையில் மூச்சுத் திணறிக் கிடந்த நேரத்தில், கணினிக்கு முன்னால் உட்கார்ந்து அந்தப் பொய்யை மெய்யாக்கினேன்!

உங்களை எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். தெரிந்த முகத்தைப் பார்த்து இதைச் சொல்லும் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை...

மட்டக்களப்பு வாவிக் கரையில் ஒரு விடுதியில் வேலை செய்கிறேன். விருந்தினருக்குப் பொழுதுபோக்கு ஏற்பாடு செய்வதும் என் பொறுப்பு. ஜியோகேஷிங் என்ற விளையாட்டை அங்கே கொண்டுவந்தவனே நான்தான். ஒருவர் ஒரு சிறு பெட்டியை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் புள்ளியை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் கையடக்க ஜிபிஎஸ் கருவியோடு அதைத் தேடிப் போவார்கள். வாவியைச் சுற்றிப் பல பெட்டிகளை நான் ஒளித்துவைத்திருந்தேன். எத்தனை பெருமை எனக்கு!

ஆனால் எங்கள் கருவிகள் கைபேசி போன்றவை அல்ல. இணையத்தில் புள்ளியை மாற்றினால் அவை தாமாக அறிந்துகொள்ளா. ஒவ்வொன்றையும் வயர் போட்டுக் கணினியில் இணைத்து, பழைய கோப்பை அழித்து, புதியதை ஏற்ற வேண்டும். சலிப்பான வேலை. தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும் வேலையுங்கூட. நான் அதை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தேன்.

அந்த மாரியில் மழை விடாமல் கொட்டியது. வயல் வட்டைகளில் வேளாண்மைப் பயிர் தண்ணீருக்குள் அமிழ்ந்தது. வயற்காரர்கள் கேட்டுக்கொண்டபடி மண் தோண்டும் பெக்கோவைக் கொண்டுவந்து முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டி, வாவியைக் கடலுக்குத் திறந்துவிட்டார்கள். அந்தத் திட்டில், ஒரு தாழம்புதரின் அடியில், என்னுடைய பெட்டி ஒன்று இருந்தது. வெட்டுவதற்கு முன்பே ஓடிப்போய் அதை எடுத்து வெளிச்சவீட்டுப் பக்கம் மாற்றி ஒளித்தேன். இணையத்திலும் உடனே புள்ளியைத் திருத்தினேன். எங்கோ இருந்த ஒருவர் என்னைப் பாராட்டிக்கூட எழுதியிருந்தார். உலகத்துக்கெல்லாம் சரியாகச் சொன்ன நான், என் மேசை இலாச்சிக்குள் கிடந்த கருவிகளுக்குச் சொல்லவில்லை.

மழை விட்டதும் கொழும்பிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். தோணியில் கூட்டிப் போனவர் யோகன் அண்ணன். விருந்தினரை ஏற்றிப் போவதுதான் அவருடைய தொழில். கருவியும் அவர் கையில்தான் இருந்தது. வந்தவர்கள் படம் எடுப்பதிலேயே மும்முரமாக இருந்தார்களாம். முகத்துவாரத்தை நெருங்கியதும் அவர் எனக்கு அழைப்பெடுத்தார்.

"தம்பி, மிஷின், முகத்துவாரம் வெட்டின பக்கம் காட்டுது. சரிதானா?"

நான் வேறொரு முன்பதிவில் மூழ்கியிருந்தேன். எரிச்சல் வேறு. ஒரு கணம் நினைத்துப் பார்த்திருந்தால் போதும்... நினைக்கவில்லை!

"ஓம் அண்ணன், போன கிழமைதான் அப்டேட் பண்ணின. மிஷின் சொல்ற இடத்துக்குப் போங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? "பொறுங்க, பாத்துச் சொல்றன்" என்று சொல்ல என் வாய்க்கு என்ன வந்தது? சோம்பேறி என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயம். அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

வெட்டிய முகத்துவாரத்தின் ஓரத்து மணல் பார்வைக்குத் திடமாகத் தெரியும். கால் வைத்தால் சரியும். தோணியைக் கரையில் ஏற்றியதும், வெட்டுக்குத் தப்பி ஓரத்தில் நின்ற தாழம்புதரைக் கண்ட அந்தப் பெண், பெட்டி அங்கேதான் என்று முன்னால் ஓடியிருக்கிறாள். மணல் பெயர்ந்து அவளோடு தண்ணீருக்குள் போனது. யோகன் அண்ணன் கருவியைக் கரையில் வீசிவிட்டுக் குதித்தார். கடலை நோக்கி இழுத்த நீரோட்டத்துக்குள் அவளைப் பிடித்து, எப்படியோ கரை சேர்த்தார். அவர் இல்லாவிட்டால் அவள் இல்லை.

வைத்தியசாலையில் அவளைச் சேர்த்துவிட்டு நனைந்த உடம்போடு நேரே என்னிடம் வந்தார். சட்டையில் சுற்றியிருந்த கருவியை எடுத்து மேசையில் வைத்தார்.

"மிஷினுக்கு ஒண்டும் ஆகல்ல தம்பி. தண்ணி படாமக் கொண்டுவந்திட்டன்."

நான் அவருக்கு ஒரு துவாயைக் கொடுத்து அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினேன். கருவியை வயரில் இணைத்தேன். பழைய கோப்பு அங்கேயே இருந்தது. அழித்தேன். புதியதை ஏற்றினேன். சரியாக ஏறியிருக்கிறதா என்று மீண்டும் திறந்து பார்த்தேன். சீ... அந்த வேலையை வாழ்க்கையில் முதல்முறையாக ஒழுங்காகச் செய்தது அன்றைக்குத்தான்!

மறுநாள் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கருவியை வாங்கிப் பார்த்தார். அது வெளிச்சவீட்டுப் பக்கத்தைக் காட்டியது. யோகன் அண்ணன் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார், மறுபடியும் கருவியைப் பார்த்தார்.

"அப்ப நான்தான் தலைகீழாப் பிடிச்சிட்டனோ?" என்றார்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் வாயே திறக்கவில்லை. தன் கண்ணையே இவர் நம்பாமல் போகிறாரே என்று தெரிந்தும் திறக்கவில்லை. முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அவர் மனைவியின் ஊரான பழுகாமத்துக்குப் போய் வயல் வேலையில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பெண் பிழைத்து ஊர் திரும்பினாள். அவளுடைய கணவன் போகும்போது என் கையைப் பிடித்து நன்றி சொன்னான். எனக்கு!

அத்தோடு முடிந்திருந்தால்கூட ஒருவேளை மறந்திருப்பேனோ என்னவோ.

அடுத்த மாரிக்கு முன் யோகன் அண்ணன் திரும்பி வந்தார், கறுத்து மெலிந்து. முதலாளியிடம் மன்றாடினார். "தம்பிக்கிட்ட மிஷினை வடிவாப் பழகு. அவன் சரியெண்டு சொன்னா திரும்ப வேலைக்கு எடுக்கிறன்" என்றாராம் முதலாளி. அண்ணன் என் முன்னால் வந்து நின்றார், பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையைப் போல.

"ஒருக்காச் சொல்லித் தாங்க தம்பி. எந்தப் பக்கமாப் பிடிக்கிற?"

கொடுத்தேன். வாங்கிய கையோடு சரியாகப் பிடித்தார். அம்புக்குறி போன திசைக்கே திரும்பினார். ஒரு பிழையும் இல்லை. பிறகு மெல்லச் சொன்னார்:

"இப்பிடித்தானே தம்பி அண்டைக்கும் பிடிச்சன்..."

கடவுள் எனக்குத் தந்த இடம் அது. அறையில் வேறு யாரும் இல்லை. 'ஓம் அண்ணன், நீங்க சரி, நான்தான் பிழை' என்றால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. என் வேலை, என் பெயர், முதலாளியின் முகம், பொலிஸ்... எல்லாம் கூடவே வந்தன.

"இல்ல அண்ணன்" என்றேன். "அண்டைக்குக் கொஞ்சம் சரிச்சுப் பிடிச்சிருப்பீங்க."

அவர் தலையசைத்தார். "ஓம்... அப்பிடித்தான் இருக்கும்" என்றார். நம்பிவிட்டார்! முதலாளியிடம் போய் அவர் தேறிவிட்டார் என்று சொன்னேன். என்னால்தான் வேலை திரும்பக் கிடைத்ததென்று அவர் மனைவி ஒரு பை நிறையப் பச்சையரிசி அனுப்பிவைத்தாள். அதைச் சமைக்கவும் முடியவில்லை, கொட்டவும் மனம் வரவில்லை.

இப்போதெல்லாம் கருவிகளை ஒழுங்காகப் புதுப்பிக்கிறேன். எந்தப் பழைய புள்ளியும் அவற்றில் இல்லை. அதனால் யாருக்கு என்ன ஆறுதல்?

ஒவ்வொரு காலையும் தோணி புறப்படுமுன் யோகன் அண்ணன் கருவியைக் கையில் ஏந்தியபடி இறங்குதுறையிலிருந்து என் ஜன்னலைப் பார்த்துக் கூப்பிடுகிறார்.

"தம்பி, சரியாப் பிடிச்சிரிக்கனா?"

விருந்தினர் சிரிக்கிறார்கள். அவர் சிரிப்பதில்லை. என் பதில் வரும்வரை தோணியைத் தள்ளுவதும் இல்லை.

இன்று காலையும் கேட்டார். தலையாட்டினேன்.