ஊருக்கெல்லாம் நான் சொன்ன நேரம்

எதையும் தேதியிட்டு எழுதிவைப்பது என் பழக்கம். காலையில் ஓடும் வழியையும் புறப்படும் நேரத்தையும் தினமும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவேன்.

ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. விடியுமுன் கீரிப்பாறைச் சாலையில் தனியாக ஓடிக்கொண்டிருந்தேன். விளக்கணைத்த பைக் ஒன்று அருகில் வந்தது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்:

"டீச்சரே, இண்ணைக்கு ஏழு நிமிஷம் லேட்டாச்சே!"

எனக்காகக் காத்திருந்திருக்கிறான். இறங்கி என் கையைப் பிடித்தான். உதறிவிட்டு ரப்பர் தோட்டத்துக்குள் பாய்ந்தேன். அவனும் துரத்தினான். தூரத்தில் ஒரு வெளிச்சம் அசைந்தது. அதுவும் அவனுடைய ஆளாக இருந்தால்? வேறு வழியில்லாமல் அதை நோக்கியே ஓடினேன்.

தலையில் விளக்கு கட்டி, ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண். என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு கத்தியை உயர்த்தினாள்.

"ஏலே, இஞ்ச வா பாப்போம்!"

அவன் திரும்பி ஓடினான்.

சாலைவரை துணைக்கு வருவதாகச் சொன்னாள். "ஒங்க வேலை கெட்டுப்போவுமே அக்கா" என்று அழுதேன்.

"மரம் எங்கயும் ஓடிப்போவாது. நீ முன்ன நட மக்கா, நான் பொறத்த வாறேன்."

ஸ்டேட்டஸை அன்றே நிறுத்திவிட்டேன். பின்னால் எந்தச் சத்தம் கேட்டாலும் இன்றும் நெஞ்சு பதறுகிறது. பதறாமல் நான் கேட்டது, அன்று என் பின்னால் வந்த அவளுடைய செருப்புச் சத்தம் ஒன்றைத்தான்.